யார் கண்ணுக்கான விளக்கு

வண்டி ஓடும்போது பட்டப்பகலிலும் முன்புறத்தில் தானாகவே எரியும் விளக்குக்குப் பகல் விளக்கு என்று பெயர். ஓட்டுநருக்கு அதனால் சாலை கூடுதலாகத் தெரியப்போவதில்லை. அந்த வேலையைச் சூரியன் பார்த்துக்கொள்கிறது. எதிரே வருபவருக்கும், குறுக்குச் சாலையில் காத்து நிற்பவருக்கும், சாலையைக் கடக்கக் காலெடுத்து வைப்பவருக்கும் ஒரு வண்டி வருவதைத் தெரிவிக்கவே அது எரிகிறது. காசு கொடுத்து வாங்கியவர் உள்ளே இருக்கிறார், பயன் பெறுபவர் வெளியே இருக்கிறார். வட அமெரிக்காவில் பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களில் ஒரு சாரார் இதை அணைத்து வைக்க வழி தேடுகிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் ஒயரிங் சம்பந்தப்பட்ட சங்கதி. அடியில் இருப்பது அறம் பற்றிய கேள்வி: பிறர் கண்ணில் படும்படி இருப்பது ஒருவருக்குக் கடமையா, அவர் விருப்பமா?

அணைக்கும் முறைகளைப் பார்த்தாலே கேள்வியின் பாதி புரியும். பல பிக்கப்களில் ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் டேஷ்போர்டில் ஒரு திருகு சுவிட்ச் இருக்கும். அதை 'ஆஃப்' பக்கம் ஒருமுறை திருகி விட்டால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விடும். விளக்கு மட்டும் அணைந்திருக்கும். எஞ்சினை நிறுத்தி மறுபடி கிளப்பினால் விளக்கும் மறுபடி எரியும். சில பழைய மாடல்களில் பார்க்கிங் பிரேக்கை ஒரு சொடுக்கு அளவுக்கு மட்டும் போட்டு வைத்தால் சக்கரம் பிடிக்காது, ஆனால் வண்டி நிற்பதாக எண்ணிக்கொண்டு விளக்கு அணைந்துவிடும். இயந்திரத்திடம் சொல்லும் சின்னப் பொய் இது. அதற்குத் தண்டனையாகப் பிரேக் எச்சரிக்கை விளக்கு வழி நெடுகச் சிவப்பாக எரிந்துகொண்டிருக்கும். இன்னும் உறுதியானவர்கள் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்கி எடுத்துவிடுகிறார்கள். முதல் முறையில் அணைத்தவர் இன்றைக்கு மட்டும் அணைத்திருக்கிறார். கடைசி முறையில் அணைத்தவர் இனி யோசிக்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்.

டிட்ராய்ட் ஆற்றின் ஒரு கரையில் அமெரிக்காவின் டிட்ராய்ட், மறு கரையில் கனடாவின் வின்ட்சர், நடுவே அம்பாசடர் பாலம். ஒரே தொழிற்சாலையில் செய்த பிக்கப் இரண்டு கரையிலும் விற்பனையாகிறது. அமெரிக்கப் பதிப்பில் அந்தத் திருகு சுவிட்ச் ஓடும் வண்டியிலும் சொன்ன பேச்சைக் கேட்கும். கனடாவில் விற்கப்படும் பல பிக்கப்களில் கியர் 'பார்க்' நிலையில் இருக்கும்வரைதான் கேட்கும். கியரை நகர்த்தியதும் விளக்கு எரிந்துவிடும். 1989 டிசம்பர் 1-க்குப் பிறகு தயாரான புதிய வண்டிகள் எல்லாவற்றுக்கும் கனடா பகல் விளக்கைக் கட்டாயமாக்கியதுதான் காரணம். அமெரிக்கா 1993-ல் அதை அனுமதித்ததோடு நிறுத்திக்கொண்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1995 மாடல்களில் தொடங்கித் தானாகவே பொருத்த ஆரம்பித்தது. எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயமாக்கும்படி அதே நிறுவனம் 2001-ல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் மனுக் கொடுத்தது. 2009-ல் மனு தள்ளுபடியானது. ஆகவே ஒரு கரையில் சட்டம், மறு கரையில் வழக்கம். ஆற்றின் மேல் போகும் ஓட்டுநர் அதே ஆள்தான்.

இந்த வழக்கம் பிறந்த இடம் வடதுருவத்தை ஒட்டிய நாடுகள். குளிர்காலத்தில் அங்கே சூரியன் தொடுவானத்தை விட்டு அதிகம் எழும்பாது. நண்பகலிலும் நிழல்கள் நீளமாகக் கிடக்கும், எதிர் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். ஃபின்லாந்து 1972-ல் ஊர்ப்புறச் சாலைகளில் குளிர்கால மாதங்களுக்கு இதை விதியாக்கியது. சுவீடன் 1977-ல் ஆண்டு முழுவதற்கும் நீட்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பிப்ரவரி முதல் புதிய கார் வகைகள் பகல் விளக்கோடுதான் வர வேண்டும் என்று ஆனது. மங்கல் வெளிச்சத்தில் பிறந்த விதி, டெக்சாஸின் உச்சி வெயிலுக்கு எவ்வளவு பொருந்தும் என்று கேட்பவரை முரண்டு பிடிப்பவர் என்று ஒதுக்கிவிட முடியாது.

தனிமனித உரிமை என்றதும் எல்லோரும் போய் நிற்கும் இடம் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-ல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூல். ஒருவர் தமக்கே கேடு தேடிக்கொண்டால் அரசு தடுக்கக் கூடாது, பிறருக்குக் கேடு வரும்போதுதான் தலையிடலாம் என்பது அதன் சாரம். சீட் பெல்ட் போட மறுப்பவர் இதைத் துணைக்கு அழைக்கலாம். அடிபடப் போவது பெரும்பாலும் அவர்தான். பகல் விளக்கை அணைப்பவருக்கு மில் அவ்வளவு எளிதில் கைகொடுக்க மாட்டார். விளக்கு அணைந்த பிக்கப், எதிரே வந்து குறுக்கே இடதுபக்கம் திரும்பும் சிறு காரோடு மோதினால் பெரும்பாலும் அதிக அடி காருக்குத்தான். மேலும், செய்வதால் மட்டுமல்ல, செய்யாமல் விடுவதாலும் ஒருவர் பிறருக்குத் தீங்கு விளைவிக்க முடியும் என்பதை மில்லே அந்த நூலில் ஒப்புக்கொள்கிறார். ஆனால் செய்யாமல் விட்டதற்காக ஒருவரைக் கட்டாயப்படுத்துவதில் கூடுதல் நிதானம் வேண்டும் என்கிறார்.

சிக்கல் இங்கேதான் கனக்கிறது. 1985-ல் வந்த ஒரு பிக்கப்பும் 2005-ல் வந்த ஒரு பிக்கப்பும் ஒரே சாலையில் போவதாக வைத்துக்கொள்வோம். முதலாவதில் பகல் விளக்கே கிடையாது. அதன் ஓட்டுநர் ஹெட்லைட்டைக் கையால் போடவில்லை. இரண்டாவதில் விளக்கு உண்டு. அதன் ஓட்டுநர் அணைத்துவிட்டார். எதிரே வருபவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி இருட்டு முகங்கள். முதலாமவரை யாரும் குறை சொல்வதில்லை. இரண்டாமவர் பெயர் கெடுகிறது. ஒருவர் விட்டுவிட்டார், மற்றவர் செய்தார் என்பதைத் தவிர வேறுபாடு எதுவும் இல்லை. கொல்வதற்கும் சாகவிடுவதற்கும் உள்ள இடைவெளி தன்னளவில் அறத்தைத் தீர்மானிக்காது என்று அமெரிக்கத் தத்துவவாதி ஜேம்ஸ் ரேச்சல்ஸ் 1975-ல் எழுதிய கட்டுரை மருத்துவ உலகில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அந்த வாதத்தைச் சாலைக்குக் கொண்டுவந்தால் இரண்டு ஓட்டுநரும் ஒரே தட்டில் நிற்க வேண்டும். உண்மையில் மனம் அப்படி நிறுத்துவதில்லை. அது முழுக்கத் தவறும் அல்ல. இரண்டாமவர் ஒரு வினாடியாவது அந்த விளக்கைப் பற்றி நினைத்திருக்கிறார். அது யாருக்காக எரிகிறது என்று தெரிந்தே கை வைத்திருக்கிறார். பழைய வண்டிக்காரருக்கு அந்த வினாடி வாய்க்கவே இல்லை. தொழிற்சாலையில் வைத்த ஒரு ஏற்பாடு, எதைச் செயல் என்பது, எதைச் சும்மா இருத்தல் என்பது என்ற வரையறையையே மாற்றிவிடுகிறது. அறநூல்கள் இதை அதிகம் கண்டுகொண்டதில்லை.

இவ்வளவு பாரத்தையும் அந்தச் சிறு விளக்கின் மேல் ஏற்றத் தகுமா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2008-ல் வெளியிட்ட ஆய்வு, விளக்கின் ஆதரவாளர்களுக்கு உற்சாகம் தரவில்லை. எல்லா வகை வண்டிகளையும் சேர்த்துப் பார்த்தபோது விபத்துகள் குறைந்ததாகப் புள்ளியியல் உறுதியோடு சொல்ல முடியவில்லை. கார்களைத் தனியாகப் பார்த்தபோதும் அதே கதை. பிக்கப், வேன் போன்ற இலகுரக டிரக்குகளைத் தனியாகப் பிரித்தபோது, அவை சிக்கும் குறிப்பிட்ட வகை இரு வண்டி மோதல்கள் 5.7 சதவீதம் குறைந்தது மட்டும் தேறியது. யார் அணைக்க அதிகம் துடிக்கிறார்களோ அவர்கள் வண்டியில்தான் அந்த விளக்கு ஏதோ வேலை செய்வதாகத் தெரிகிறது. நூற்றுக்கு ஐந்தாறு என்ற கணக்கு, தனி ஓட்டுநர் ஒருவரின் வாழ்நாளில் கண்ணில் படவே படாது. தான் காப்பாற்றியது யாரை என்று அவருக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. நடக்காத மோதலுக்குச் சாட்சி கிடையாது. நன்றியும் பலனும் கண்ணுக்குத் தெரியாத உதவியை ஒருவரிடம் எவ்வளவு தூரம் எதிர்பார்க்கலாம் என்பதில் சமயங்கள் தாராளமாகவும் சட்டங்கள் சிக்கனமாகவும் இருந்து வந்திருக்கின்றன.

அணைப்பவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு, அதுவும் பிறர் நலம் சார்ந்தது. பிக்கப்பின் முகம் உயரமானது. அமெரிக்க விதிப்படி ஹெட்லைட் தரையிலிருந்து 22 முதல் 54 அங்குலம் வரை எந்த உயரத்திலும் இருக்கலாம். உயர்த்திக் கட்டிய பிக்கப் ஒன்று சிக்னலில் சிறு காருக்குப் பின்னால் வந்து நின்றால், அதன் விளக்கு காரின் கண்ணாடிகளில் நேராக விழுகிறது. தொடக்க காலப் பகல் விளக்குகளில் பல, ஹை பீம் விளக்கையே மின்னழுத்தம் குறைத்து எரிப்பவை. கூச்சம் என்ற புகார் அவற்றின் மேல்தான் அதிகம் வந்தது. ஐரோப்பாவில் தனிப் பகல் விளக்கின் ஒளி 400 முதல் 1,200 கேண்டெலாவுக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு அந்தத் தொல்லையைக் கணிசமாகக் குறைத்தது.

இன்னொரு வாதம் கூச்சத்தைவிட ஆழமானது. வெகுகாலமாகப் பகலில் விளக்கெரித்து வந்தவர்கள் மோட்டார் சைக்கிள்காரர்கள். ஒல்லியான உருவம் கார்க் கூட்டத்தில் கரைந்துவிடாமல் இருக்க அந்த ஒற்றை வெளிச்சம் உதவியது. எல்லாக் கார்களும் எரியத் தொடங்கியபோது ஐரோப்பிய மோட்டார் சைக்கிள் சங்கங்கள் எதிர்த்தன; கூட்டத்தில் எல்லோரும் கத்தினால் மெல்லிய குரல் எடுபடாது என்பது அவர்கள் தரப்பு. நடந்து போகிறவருக்கும் பெரும்பாலான சைக்கிள்காரருக்கும் பகலில் விளக்கே கிடையாது. ஆஸ்திரியா 2005 நவம்பரில் பகலிலும் விளக்கெரிக்க வேண்டும் என்று விதித்து, 2008 ஜனவரி 1 முதல் அதை விலக்கிக்கொண்டது. விளக்குள்ளவர்கள் மேல் போகும் கவனம் விளக்கில்லாதவர்களிடமிருந்து எடுக்கப்படுகிறது என்ற கவலை அதற்கான காரணங்களில் ஒன்று. கவனம் என்பது ஊர்க் குளத்துத் தண்ணீர் மாதிரி. ஒருவர் மோட்டார் வைத்து இறைத்தால் அவருக்கு லாபம், எல்லோரும் மோட்டார் வைத்தால் குடத்தோடு வருபவருக்குச் சேறுதான் மிஞ்சும். ஆகவே தன்னை நன்றாகத் தெரியும்படி வைத்துக்கொள்வது எப்போதும் பிறருக்குச் செய்யும் உபகாரம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சில சமயம் அது பிறர் பங்கைத் தின்பது.

எல்லோரும் எரிப்பதால் இன்னொன்றும் தொலைகிறது. அமெரிக்காவில் சவ ஊர்வலத்தில் போகும் கார்கள் பகலிலும் ஹெட்லைட்டை எரித்துக்கொண்டு வரிசையாகப் போகும்; பல மாநிலச் சட்டங்களே அப்படிச் சொல்கின்றன. அந்த வரிசையை வெட்டிக்கொண்டு யாரும் நுழைவதில்லை. சின்ன ஊர்களில் எதிரே வரும் பிக்கப்கள் ஓரங்கட்டி நிற்பது இன்றும் உண்டு. விளக்கு அங்கே துக்கத்தின் அடையாளம். எதிரே வருகிற எல்லா வண்டியும் எரியும் காலத்தில் அந்த அடையாளம் தனித்துத் தெரிவதில்லை. அதற்காகவே கொடியும் காந்த ஸ்டிக்கரும் ஒட்டிக்கொள்ள வேண்டியதாகிறது. தமிழ்நாட்டுச் சாலைகளிலும் இதன் சிறு வடிவம் ஒன்று நடந்தது. பகலில் எரியும் பைக் விளக்கு இங்கே மறதியின் அடையாளமாக இருந்தது. எதிரே வருபவர் விரல்களைக் குவித்தும் விரித்தும் காட்டுவார், பைக்காரர் தலையசைத்து அணைப்பார். 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் புதிய இருசக்கர வண்டிகளின் ஹெட்லைட்டுக்கு அணைக்கும் சுவிட்சே இல்லாமல் போனது. விரல்கள் மட்டும் கொஞ்ச காலம் பழக்கதோஷத்தில் விரிந்துகொண்டிருந்தன. அதற்குப் பதில் சொல்ல வழியில்லாத பைக்காரர் அசட்டுச் சிரிப்போடு போனார்.

பிறர் கண்ணில் படுவதைச் சமயக் காரணம் சொல்லியே மறுத்தவர்களும் அமெரிக்கச் சாலையில் உண்டு. அவர்கள் வழக்கு பிக்கப்காரருக்கு நல்ல உரைகல். ஆமிஷ் கிறிஸ்தவர்களில் மிகக் கண்டிப்பான பிரிவு ஸ்வார்ட்சென்ட்ரூபர். அவர்கள் குதிரை வண்டியில் போகிறவர்கள். மெதுவாகப் போகும் வண்டிகளின் பின்னால் ஆரஞ்சு நிற முக்கோணத் தகடு மாட்ட வேண்டும் என்பது அநேக மாநிலங்களின் விதி. அந்தப் பகட்டு நிறம் உலகத்தாருக்கு உரியது, கடவுள் மேல் வைக்க வேண்டிய நம்பிக்கையை மனிதச் சின்னத்தின் மேல் வைப்பது தகாது என்று சொல்லி அவர்கள் மறுத்தார்கள். மினசோட்டாவில் ஹெர்ஷ்பெர்கர் என்ற ஆமிஷ்காரரின் வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 1990-ல் அந்த நீதிமன்றம் மாநில அரசியலமைப்பு தரும் மனசாட்சிச் சுதந்திரத்தின் அடிப்படையில் ஆமிஷ்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. வெள்ளி நிறப் பிரதிபலிப்புப் பட்டையும் சிவப்புக் கண்ணாடி லாந்தரும் இருந்தால் பாதுகாப்பு கிடைத்துவிடும், முக்கோணமே வேண்டும் என்று பிடிவாதம் தேவையில்லை என்பது தீர்ப்பின் மையம். கென்டக்கியில் அபராதம் கட்ட மறுத்த சிலர் 2011-ல் சிறைக்கே போனார்கள். அங்கே அவர்களுக்கு ஆரஞ்சு நிறக் கைதி உடைக்குப் பதிலாகக் கருநிற உடை தரப்பட்டது. அடுத்த ஆண்டு சட்டமன்றம் பட்டைக்கு வழிவிட்டுச் சட்டத்தைத் திருத்தியது.

இந்த வழக்குகளைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். ஆமிஷ்காரர்கள் தங்களை மறைத்துக்கொள்ள உரிமை கேட்கவில்லை. பட்டை ஒட்டுகிறோம், லாந்தர் மாட்டுகிறோம், எங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாத அந்த வடிவம் மட்டும் வேண்டாம் என்றார்கள். பின்னால் வருபவருக்கான கடனை ஒப்புக்கொண்டு, அதை எந்த நாணயத்தில் கட்டுவது என்பதில்தான் பேரம். விளக்கின் மஞ்சள் நிறம் பிடிக்கவில்லை, வண்டியின் முகம் அழகாக இல்லை, என் வண்டியில் என் பேச்சு நடக்க வேண்டும் என்று ஃபியூஸைப் பிடுங்குகிறவர் இந்த உரைகல்லில் தேறுவது கடினம். மனசாட்சிக்கும் ரசனைக்கும் நடுவே சட்டம் கோடு போடத் திணறலாம். ஆள் தன்னைத்தானே கேட்டுக்கொண்டால் கோடு பளிச்சென்று தெரியும். பிடுங்கியவர் மழையிலும் பனிமூட்டத்திலும் மாலை மங்கலிலும் மறக்காமல் கையால் ஹெட்லைட் போடுகிறவராக இருந்தால் நிலைமை வேறு. அவரும் லாந்தர் மாட்டியவர்தான்.

சாலைக்கு வெளியே விளக்கை அணைப்பதே மரியாதையாகும் இடங்கள் இருக்கின்றன. அமெரிக்க ராணுவ முகாம்களின் வாயிலில் இரவில் வரும் வண்டிகள் ஹெட்லைட்டை அணைத்து, பார்க்கிங் விளக்கோடு மெல்ல வர வேண்டும். அடையாள அட்டையைப் பார்க்கும் காவலர் கண் கூசக் கூடாது. காரில் இருந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கில் படம் ஓடும்போது ஒரு பிக்கப்பின் எஞ்சின் கிளம்பி விளக்கெரிந்தால் முன்வரிசை முழுக்க ஹார்ன் அடிக்கும். ஸ்பிரிங் வைத்த சுவிட்ச் இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான் தோதானது. காரணம் இருக்கும்போது கை நீட்டி அணைக்கலாம். மறுமுறை வண்டி கிளம்பும்போது பழைய காரணம் தானாகச் செல்லாததாகிவிடும். வேண்டுமென்றால் புதிதாகக் கை நீட்ட வேண்டும். கனடா அந்தக் கையைக் கட்டிப்போடுகிறது, ஃபியூஸைப் பிடுங்கியவர் கைக்கு வேலையே இல்லாமல் செய்துவிடுகிறார். இரண்டையும்விட அந்த ஸ்பிரிங்தான் நியாயமாக நடந்துகொள்கிறது.

பகல் விளக்கைக் கட்டாயமாக்கிய கனடாவுக்கே பிற்பாடு அதனால் ஒரு வினை வந்து சேர்ந்தது. முன்னால் பகல் விளக்கு எரிகிறது. அதன் வெளிச்சம் சாலையில் விழுகிறது. டேஷ்போர்டும் பளிச்சென்று ஒளிர்கிறது. இருட்டிய பிறகும் ஓட்டுநர் எல்லா விளக்கும் எரிவதாக நம்பிக்கொண்டு போகிறார். பின் விளக்குகள் எரிவதில்லை. பின்னால் வருபவருக்கு அந்த வண்டி மிக நெருங்கும்வரை தென்படாது. கனடாவில் இவற்றுக்குப் பேய் வண்டிகள் என்று பெயர் விழுந்தது. தான் கண்ணில் படுகிறோம் என்ற நம்பிக்கையே ஒருவரைப் பிறர் கண்ணிலிருந்து மறைத்தது.

2021 செப்டம்பர் முதல் தயாராகும் புதிய வண்டிகளுக்குக் கனடா மூன்று வழிகளைக் காட்டி, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. பகல் விளக்கோடு பின் விளக்கும் சேர்ந்தே எரியலாம். இருட்டியதும் எல்லா விளக்கும் தானாக எரியலாம். மூன்றாவது வழியில் வண்டி எதையும் தானாகச் செய்வதில்லை: ஓட்டுநர் விளக்கைப் போடும்வரை டேஷ்போர்டு ஒளிராது. வேகமானி தெரியாமல், இருட்டில் தடவி, அவர் அந்தத் திருகு சுவிட்சைத் தேடுவார்.